நிலத்தின் எழுத்தும் நெய்தலின் நினைவும்

தோற்றுவாய்

சென்னையிலிருந்து வடக்கே கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் இருப்புப் பாதையை ஒட்டி வாழ்பவர்களுக்கு நிலம் அதிர்வது புதிதன்று. சரக்கு வண்டி கடந்து செல்லும்போது அலமாரியிலுள்ள எவர்சில்வர் தட்டுகள் ஒலிக்கும். கொல்கத்தா நெடுஞ்சாலையில் இரும்பேற்றிய லாரிகள் விரையும்போது சன்னற் கண்ணாடி நடுங்கும். சிப்காட் தொழிற்பேட்டையின் ரோலிங் மில்கள் ஓயாது இயங்கும் இரவுகளில் சுவரில் கைவைத்தால் ஒரு துடிப்புத் தெரியும். இவ்வதிர்வுகளுக்கெல்லாம் பழகிப்போன நாம், நிலம் உண்மையாகவே பேசும் நாளில் அதன் குரலை இனங்கண்டு கொள்வோமா என்பது ஐயமே.

இவ்வையம் எனக்கு வகுப்பறையில் தோன்றியது. மணிமேகலையில் புகார் நகரைக் கடல் கொண்ட செய்தியைச் சில ஆண்டுகளுக்கு முன் பாடமாக நடத்திக் கொண்டிருந்தேன். இந்திர விழாவை மன்னன் மறந்ததால் நகர் அழிந்தது என்று காப்பியம் கூறுவதை விளக்கி முடித்தபோது, பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "அம்மா, சுனாமி அன்றைக்குக் காலை ஆறரை மணிக்கே பூமி ஆடிவிட்டது என்கிறார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் கடல் ஏறியது ஒன்பது மணிக்கு மேல் என்று பாட்டி சொல்வார்கள். நடுவில் இருந்த இரண்டரை மணி நேரம் யாரிடம் இருந்தது?" என்று கேட்டாள்.

என்னிடம் விடை இல்லை. நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது அவ்வினாவே முன்வந்து நின்றது. நான் அறிவியல் பயின்றவள் அல்லள். ஆயினும் எழுத்தைப் படிப்பது என் தொழில். நிலமும் எழுதுகிறது, அதைப் படிக்கக் கற்றவர்களின் வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றின் வழியே அம்மாணவிக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊசி எழுதிய வரலாறு

நிலநடுக்கத்தைக் கருவி கொண்டு அறிய முனைந்தவர்களுள் மிகப் பழையவர் சீன அறிஞர் சாங் ஹெங் ஆவார். கி.பி. 132இல் அவர் அமைத்த வெண்கலக் கலம், நிலம் அதிர்ந்ததையும் அதிர்வு வந்த திசையையும் காட்டியதாகக் குறிப்புகள் உள்ளன. எனினும், அதிர்வைக் கோடாக எழுதிக் காட்டும் கருவி செம்மையுற்றது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயாம். சப்பான் நாட்டில் சுரங்கவியல் கற்பித்த ஆங்கிலேயர் ஜான் மில்ன், 1880 பிப்ரவரியில் யோக்ககாமா நகரை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பின், அந்நாட்டிலேயே நிலநடுக்க ஆய்வுக் கழகம் தோன்றக் காரணமானார். அவரும் அவருடைய நண்பர்களும் உருவாக்கிய பதிவுக் கருவிகள் பின்னர் உலகெங்கும் பரவின.

அக்கருவியின் அடிப்படை எளியது. நின்றிருக்கும் பேருந்து திடீரெனப் புறப்பட்டால் உள்ளே நிற்பவர் பின்னோக்கிச் சாய்கிறார். பேருந்து நகர்கிறது; அவர் உடல் இருந்த இடத்திலேயே இருக்க முயல்கிறது. அதுபோலவே, தொங்கவிடப்பட்ட ஓர் எடைக்கல், நிலம் அசையும்போது உடனே அசையாமல் நிற்கும். அக்கல்லில் ஓர் ஊசியைப் பொருத்தி, நிலத்தோடு சேர்ந்து அசையும் சுழல் உருளையில் தாளைச் சுற்றி வைத்தால், நிலத்தின் நடுக்கம் கோடாக விழும். இன்று ஊசியும் தாளும் மறைந்து, மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. அடிப்படை மாறவில்லை.

இவ்வெழுத்து தொலைவிலும் படிக்கத்தக்கது என்பது 1889இல் தெரியவந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் சப்பானில் நேர்ந்த நிலநடுக்கம், செருமனியின் போட்சுடாம் நகரிலிருந்த நுட்பமான கருவி ஒன்றில் பதிவாயிற்று. உலகின் ஒரு மூலையில் நிலம் அசைந்தால் மறு மூலையில் அது எழுதப்படும் என்பது அறியப்பட்ட நாள் அது.

அவ்வெழுத்துக்கு இலக்கணம் கண்டவர் நம் நாட்டில் பணிபுரிந்த ஒருவர். 1897 சூன் 12ஆம் நாள் அசாம் பகுதியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அதை ஆராய்ந்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ரிச்சர்டு டிக்சன் ஓல்டாம். ஐரோப்பிய நிலையங்களில் பதிவான கோடுகளை ஒப்பிட்ட அவர், ஒரே நடுக்கத்திலிருந்து மூவகை அலைகள் வேறுவேறு நேரத்தில் வந்து சேர்வதைப் பிரித்துக் காட்டினார். சரக்கு வண்டியின் பெட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்வதுபோல் முன்னும் பின்னும் தள்ளிச் செல்லும் முதன்மை அலை விரைவானது. கயிற்றை உதறினாற்போல் குறுக்கே அசைத்துச் செல்லும் இரண்டாம் அலை பின்னால் வருவது. நிலத்தின் மேற்பரப்பிலேயே தவழ்ந்து வரும் மூன்றாம் அலை இறுதியில் வந்தாலும் தொலைவிடங்களில் பேரசைவை ஏற்படுத்துவது.

மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு மழைமுகிலின் தொலைவை நம் முன்னோர் மதிப்பிட்டனர் அன்றோ! அவ்வாறே முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு நிலநடுக்கத்தின் தொலைவை அறியலாம். மூன்று நிலையங்கள் தத்தம் தொலைவை ஆரமாகக் கொண்டு வட்டம் வரைந்தால், அவை வெட்டும் இடமே நடுக்கத்தின் மையம். 1906இல் ஓல்டாம் இன்னும் ஒரு படி சென்றார். அலைகள் நிலவுலகின் ஆழத்தில் தாமதமடைவதைக் கொண்டு, உள்ளே வேறு தன்மையுடைய கருவம் ஒன்று உண்டு என நிறுவினார்.

அசாம் நிலநடுக்கத்தின் பின்விளைவாகவே நம் நாட்டில் நிலநடுக்கப் பதிவு நிலையங்கள் தோன்றின. 1898 திசம்பரில் கல்கத்தாவின் அலிப்பூரில் முதல் நிலையம் ஏற்பட்டது. தொடர்ந்து பம்பாயின் கொலாபாவிலும் நம் கொடைக்கானலிலும் மில்ன் கருவிகள் நிறுவப்பட்டன. கதிரவனை நோக்கும் வான் ஆய்வகம் என்றே நாம் அறிந்துள்ள கொடைக்கானல், நூற்றாண்டுக்கும் முன்பே நிலத்தின் துடிப்பையும் கேட்கத் தொடங்கிவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

1881: கடல் எழுதிய மடல்

ஓல்டாம் என்னும் பெயருக்கும் எம் மாவட்டத்துக்கும் ஒரு மெல்லிய இழை உண்டு. 1851இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் முதல் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற தாமசு ஓல்டாம், மேற்கூறிய ரிச்சர்டு ஓல்டாமின் தந்தையார். அவருடைய துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூசு ஃபூட்டும் வில்லியம் கிங்கும் 1863இல் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தனர். நிலத்தில் மாந்தன் விட்டுச் சென்ற தடத்தை ஃபூட் தேடினார். நிலமே விட்டுச் செல்லும் தடத்தைத் தாமசு ஓல்டாம் தேடினார். பழங்காலம் தொட்டு 1869 வரை இந்தியாவில் நேர்ந்த நிலநடுக்கங்களின் பட்டியலை அவர் தொகுத்தார். அவர் மறைவுக்குப் பின் மகன் அதனை 1883இல் வெளியிட்டார்.

மகன் எழுதிய மற்றொரு குறிப்பே நம் வினாவுக்கு இன்றியமையாதது. 1881 திசம்பர் 31ஆம் நாள் காலை, கார் நிக்கோபார் தீவுக்கருகே கடலடியில் நிலம் நடுங்கியது. சென்னையிலும் அது உணரப்பட்டது. அப்போது வங்கக் கடலைச் சுற்றியுள்ள துறைமுகங்களில் கடல்மட்டத்தின் ஏற்றவற்றத்தை இடைவிடாது பதியும் ஓதமானிகள் இருந்தன. சென்னை, நாகப்பட்டினம் உள்ளிட்ட எட்டு இடங்களின் ஓதமானிகளில், வழக்கமான ஓதத்தோடு பொருந்தாத அலைகள் அன்று பதிவாயின. அவற்றுள் மிக உயர்ந்ததும் 0.8 மீட்டரைத் தாண்டவில்லை. கரையில் நின்றவர் பலர் அதைக் கவனித்திருக்கவும் மாட்டார். ஆனால் கருவி கவனித்தது. அப்பதிவுகளை ஓல்டாம் ஆராய்ந்து 1884இல் எழுதினார்.

ஈராண்டுக்குள் மற்றுமொரு சான்று வந்தது. 1883 ஆகத்து 27ஆம் நாள் சுந்தா நீரிணையின் கிரகடோவா எரிமலை வெடித்துச் சிதறியபோது எழுந்த அலைகளையும் நம் கரை ஓதமானிகள் பதிவு செய்தன.

நிக்கோபாரில் நிலம் அசைந்தால் சோழமண்டலக் கரைக்கு அலை வரும் என்பது 1884 முதல் அச்சில் இருந்த செய்தி. 1881ஆம் ஆண்டுப் பதிவுகளை ஓர்ட்டிசு, பில்காம் என்னும் இரு ஆய்வாளர் மீண்டும் எடுத்து, கணினியின் துணையோடு ஆராய்ந்து, அந்நிலநடுக்கத்தின் அளவு 7.9 என மதிப்பிட்டனர். அவர்தம் கட்டுரை வெளிவந்த ஆண்டு 2003. மறு ஆண்டே பேரழிவு நேர்ந்தது.

இரண்டரை மணி நேரம்

2004 திசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.29 மணியளவில் வடசுமத்திராவின் மேலைக் கடலடியில் நிலம் பிளந்தது. பிளவு வடக்கு நோக்கி ஓடி, நிக்கோபாரையும் அந்தமானையும் கடந்து, ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீண்டது. அளவு 9.1 எனப் பின்னர்க் கணிக்கப்பட்டது. முதன்மை அலை ஐந்து நிமிடத்துக்குள் தென்னிந்தியாவை எட்டிவிட்டது. சென்னையிலும் பலர் அதிர்வை உணர்ந்து எழுந்தனர். நான் அப்போது ஆய்வு மாணவி. விடுதிக் கட்டிலின் அசைவைக் கனவென்று எண்ணித் திரும்பிப் படுத்தவர்களுள் நானும் ஒருத்தி.

பதினைந்து நிமிடத்தில் ஹவாயிலுள்ள பசிபிக் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் 8.0 என்று அளவு குறித்துச் செய்தி விடுத்தது. ஒரு மணி நேரத்துக்குப் பின் அதனை 8.5 எனத் திருத்தியது. அத்தனை நீண்ட பிளவின் முழு வலிமையை முதல் அலைகளைக் கொண்டு உடனே அளக்க அன்றைய முறைகளால் இயலவில்லை. மேலும், அம்மையம் பசிபிக் நாடுகளுக்காக அமைந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு அத்தகைய அமைப்பு அன்று இல்லை. செய்தியைப் பெற்று, கரைக்கு எடுத்துச் செல்லும் வழியும் இல்லை.

ஆழ்கடலில் ஆழிப்பேரலை மணிக்கு எழுநூறு கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் வரும். ஆயினும் நிலநடுக்க அலையோடு ஒப்பிட்டால் அது மாட்டு வண்டி. அவ்வேறுபாடே இயற்கை நமக்குத் தந்த அவகாசம். ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்தே கடல் சென்னைக் கரையில் ஏறியது. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ எட்டாயிரம் உயிர்கள் போயின. அவற்றுள் பெரும்பங்கு நாகை மாவட்டத்தது. திருவள்ளூர்க் கரையின் இழப்பு எண்ணிக்கையில் குறைவு. ஆனால் இழந்த வீட்டுக்கு எண்ணிக்கையால் ஆறுதல் இல்லை.

வடதமிழகக் கரையின் மீனவர்களுக்கு நீரோட்டத்தின் திசைக்கேற்ப வன்னி, தெண்டி என்று பெயர்கள் உண்டு. காற்றுக்கும் அவ்வாறே பல பெயர்கள் உண்டு. ஆனால் அன்று வந்த அலைக்கு அவர்கள் வாயில் சொல் இல்லை. 'சுனாமி' என்னும் சப்பானியச் சொல்லைச் செய்தித்தாள்கள் தந்தன. கடல்கோள் என்று நம் இலக்கியம் வைத்திருந்த சொல் கரையில் வழங்கவில்லை. இறையனார் களவியல் உரையின் கடல்கோள் செய்திகளை நாம் தமிழின் தொன்மைக்குச் சான்றாகவே நூற்றாண்டாகப் பேசி வந்தோம். அவற்றை நிலநடுக்கத்துக்கு நேரான சான்று எனக் கொள்வது ஆய்வு நெறியன்று. எனினும், கடல் கரையேறக் கூடும் என்னும் எச்சரிக்கை அவற்றுள் இருந்தது. அதை நாங்கள் வகுப்பில் சொல்லவில்லை. 1881ஆம் ஆண்டின் கருவிப் பதிவு நூலகத்தில் இருந்தது. காப்பிய நினைவு பாடநூலில் இருந்தது. இரண்டும் குப்பத்துக்குப் போய்ச் சேரவில்லை.

இரண்டரை மணி நேரம் யாரிடம் இருந்தது என்னும் வினாவுக்கு விடை இதுவே. அது கருவிகளிடம் இருந்தது. அதனை மனிதரிடம் சேர்க்கும் பொறுப்பு எவரிடமும் இல்லை.

எரிமலையின் மூச்சு

நிலநடுக்கப் பதிவு மக்களைக் காத்த வரலாறும் உண்டு. பிலிப்பைன்சின் பினட்டுபோ எரிமலை ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் உறங்கியது. 1991 ஏப்ரலில் அது புகையத் தொடங்கியதும், பிலிப்பைன்சு, அமெரிக்க ஆய்வாளர்கள் மலையைச் சுற்றிப் பதிவுக் கருவிகளை நட்டனர். உருகிய பாறைக் குழம்பு மேலேறும்போது வழியிலுள்ள பாறைகளை உடைக்கிறது. அவ்வுடைவுகள் சிறு சிறு நடுக்கங்களாகக் கூட்டங்கூட்டமாகப் பதிவாகும். குழம்பும் வளியும் இடையறாது பாயும்போது, கொதிக்கும் உலையின் மூடிபோல் தொடர்ந்த அதிர்வு தோன்றும். இக்குறிகளைப் படித்த அறிஞர் உரிய நேரத்தில் எச்சரித்தனர். சூன் 15இல் மலை வெடிக்குமுன் பல்லாயிரவர் வெளியேற்றப்பட்டனர்.

எரிமலை நமக்குத் தொலைவான செய்தி என்று எண்ண வேண்டா. சென்னையிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் தொலைவில், அந்தமான் கடலில் பாரன் தீவு எரிமலை உள்ளது. 1787 முதல் அதன் சீற்றங்கள் குறிக்கப்பட்டுள்ளன. நெடுங்காலம் அடங்கியிருந்த அது 1991இல் மீண்டும் கனன்றது. 1994இலும் 2005இலும் பின்னரும் கனன்றுள்ளது. 2005 சனவரி இறுதியில் நிக்கோபாரின் கிழக்கே அந்தமான் கடலடியில் நூற்றுக்கு மேற்பட்ட நடுக்கங்கள் சில நாள்களுக்குள் கூட்டமாக நிகழ்ந்தன. முந்தைய மாதத்துப் பெருநடுக்கம் அப்பகுதியின் தகைவைக் குலைத்ததன் விளைவுகளுள் ஒன்றாக அறிஞர் அதனை ஆராய்ந்தனர்.

கருவிக்கு எல்லையும் உண்டு. 2018 திசம்பர் 22ஆம் நாள் இரவு, பழைய கிரகடோவாவின் இடத்தில் எழுந்த புதிய எரிமலையின் ஒரு பக்கம் கடலில் சரிந்து, நானூற்றுக்கும் மேற்பட்டோரை அலை வாரிச் சென்றது. முன்னறிவிக்கத்தக்க பெருநடுக்கம் அதற்கு இல்லை. எனவே நிலத்தைக் கேட்பதோடு கடல்மட்டத்தையும் கேட்க வேண்டும் என்பது பாடமாயிற்று.

நம் வட்டாரம்

2004க்குப் பின் நிலைமை மாறியது. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் செயற்படத் தொடங்கியது. நிலநடுக்க நிலையங்களின் செய்தி, ஆழ்கடல் அழுத்தமானிகளின் செய்தி, கரை ஓதமானிகளின் செய்தி ஆகிய மூன்றும் அங்கே கூடுகின்றன. 2012 ஏப்ரல் 11ஆம் நாள் பிற்பகலில் சுமத்திராவின் மேற்கே 8.6 அளவு நிலநடுக்கம் நேர்ந்தபோது எச்சரிக்கை விரைந்து வந்தது. சென்னையில் உயர்ந்த கட்டடங்களிலிருந்து மக்கள் இறங்கி வீதியில் நின்றனர். கரையோரத்தார் மேட்டு நிலம் நோக்கிச் சென்றனர். நிலத்தட்டுகள் மேலும் கீழும் பெயராமல் பக்கவாட்டில் உரசியதால் பேரலை எழவில்லை. எதிர்பார்த்த அலை வராததைக் கேலி பேசியவரும் உண்டு. வராத அலைக்காக ஓடியது இழப்பன்று என்று 2004ஐக் கண்டவர் அறிவர்.

கடலுக்கு அப்பாலிருந்து வருவது ஒருபுறமிருக்க, நம் காலடி நிலமும் முற்றிலும் அசையாததன்று. 1900 பிப்ரவரியில் கோவைப் பகுதியில் நேர்ந்த நிலநடுக்கம் தென்னகமெங்கும் உணரப்பட்டது. தீபகற்பம் உறுதியான பாறை என்னும் நம்பிக்கையை 1967இல் கொய்னாவும் 1993இல் லாத்தூரும் தகர்த்தன. 2001 செப்டம்பர் 25ஆம் நாள் இரவு, புதுச்சேரிக்குக் கிழக்கே கடலடியில் தோன்றிய 5.5 அளவு நடுக்கம் சென்னை மக்களை வீதிக்குக் கொணர்ந்தது. 2002இல் திருத்தப்பட்ட இந்தியத் தரக் குறியீடு சென்னைப் பகுதியை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது. தொழிற்பேட்டையின் பழைய கூடங்கள் பலவும், அவற்றைச் சுற்றி நெருக்கமாக எழுந்த வாடகைக் குடியிருப்புகள் பலவும் அதற்கு முற்பட்டவை.

மண்ணின் இயல்பும் கருதத்தக்கது. ஆரணியாறும் கொசத்தலையாறும் கொணர்ந்து சேர்த்த வண்டல் நம் வட்டாரத்தின் கீழ்ப்பகுதி. மென்மையான வண்டல், பாறையைவிட அதிர்வைப் பெருக்கிக் காட்டும். 1985இல் மெக்சிகோ நகரம் நடுக்க மையத்திலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்தும் இடிந்து விழுந்தது. அது பழைய ஏரிப் படுகையின்மேல் கட்டப்பட்டிருந்ததே பெருங்காரணம்.

எல்லாவற்றினும் என்னை உறுத்துவது மற்றொன்று. எச்சரிக்கை எம்மொழியில் வரும்? கும்மிடிப்பூண்டியின் ஆலைகளில் ஒடிசா, பீகார், அசாம், வங்கம் ஆகிய பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர் ஏராளம். தமிழில் ஒலிக்கும் அறிவிப்பு அவர்தம் கொட்டகையில் வெறும் இரைச்சலே. தமிழ்ப்பற்று என்பது தமிழர்க்கு மட்டும் தமிழில் சொல்வதோடு முடிவதன்று. நம் மண்ணில் உழைப்பவர்க்கு அவர்தம் மொழியில் உயிர்ச்செய்தியைச் சேர்ப்பதும் அதன் பகுதியே. விளம்பரப் பலகைகளில் நான்கு மொழிகள் காணும் நெடுஞ்சாலையில், வெளியேறும் வழியைக் காட்டும் பலகைக்கும் அம்மொழிகள் கூடும்.

நிறைவுரை

நிலநடுக்கம் எந்நாளில் எந்நேரத்தில் வரும் என்று இன்றும் எவராலும் முன்கூற இயலாது. கூற இயலுமென்பாரை நம்பவும் வேண்டா. இயல்வது, வந்ததை நொடியில் அறிதல். அறிந்ததை அலைக்கு முன் கரைக்குச் சேர்த்தல். சேர்ந்ததை மக்கள் புரிந்து நடக்கப் பழக்குதல். முதலாவது அறிவியலின் பணி. இரண்டாவது அரசின் பணி. மூன்றாவது பணியில் மொழி ஆசிரியர்க்கும் இலக்கிய அமைப்புகளுக்கும் பங்கு உண்டு.

இப்போது புகார் கடல்கொண்ட பகுதியை நடத்தும்போது நான் பாடத்தோடு நிறுத்துவதில்லை. நிலம் நெடுநேரம் ஆடினால் அறிவிப்புக்குக் காத்திராமல் கரையை விட்டு மேட்டுக்குச் செல்க; கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க நில்லாதே; முதல் அலை போனபின் உடனே திரும்பாதே என்னும் மூன்றையும் எழுத வைக்கிறேன். தேர்வில் இதற்கு மதிப்பெண் இல்லை. ஆயினும் வினாக் கேட்ட அம்மாணவி, அவற்றைத் தன் பாட்டிக்கும் தெருப் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டியதாகப் பின்னர் வந்து சொன்னாள். பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் இலக்கிய வட்டம், ஆண்டுக்கு ஒரு கூட்டத்தையேனும் பழவேற்காட்டுக் கரையில் நடத்தி, முதியோரின் 2004 நினைவுகளைக் கேட்டு எழுதி வைக்குமாயின், 1881ஐ மறந்ததுபோல் அதனையும் மறக்கும் பிழை நேராது.